ஆட்டப்பெட்டிக் காகிதம்

காஞ்சனபுரி, சயாம்
20 ஜூலை 2603

வேணி,

தேதியைப் பார்த்துவிட்டு இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே. இங்கே ஆபீசில் 1943 என்று எழுதினால் கன்னத்தில் அறை விழும். ஜப்பான் கணக்கில் இது 2603. கை பழகிவிட்டது.

காகிதத்தைத் திருப்பிப் பார். நம் ஆட்டப்பெட்டியின் காகிதம். எழுதுவதற்கு இங்கே வேறு காகிதம் கிடையாது. வெள்ளைக்கார இன்ஜினியர் தம்பினில் போட்டுவிட்டு ஓடிய அந்தப் பெட்டியை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுவந்தான். அதற்கு மை ஊற்றவும் முள் மாற்றவும் தெரிந்தவன் என்று என்னையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். வண்டியின் தரையில் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். வண்டி ஆட ஆட முள் தானாகவே கோடு இழுத்துக்கொண்டு போகிறது. கல் தாண்டும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி அடையாளம் வைக்கிறேன். மலாக்கா லைனில் செய்த அதே வேலைதான். ஆனால் அங்கே முள் நடந்தது, இங்கே முள் பேயாட்டம் ஆடுகிறது. மூங்கில் காட்டுக்குள் அவசர அவசரமாகப் போட்ட லைன்.

இதைத் தம்பின் ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்த சுப்பையன் கொண்டுவந்து தருவான். அவனுக்கு இப்போது சயாம் ஓட்டம். பதில் எழுதினால் அவனிடமே கொடு. தபாலில் போடாதே, பிரித்துப் படிப்பார்கள்.

வேணி, என்னை ஏற்றிப்போன அன்றைக்கு நீ வரவில்லை. தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன் முன்னால் லாரி நின்றது. நம் வீடு இருக்கிற காஜா பெராங் பக்கம் பார்த்தபடியே ஒரு மணி நேரம் நின்றேன். வீட்டுக்கார அன்னம் அக்காவாவது வருவார் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை.

நான் செய்தது என்ன? மலாக்கா லைனில் ஒரு தடவை பெட்டியை ஓட்டி ரிப்போர்ட் எழுது என்றான் ஜப்பான்காரன், எழுதினேன். இருபத்தோரு மைலும் கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. அதைக் கோணல் என்று எப்படி எழுதுவேன்? நான் எழுதாவிட்டாலும் அந்தக் கம்பிகளைப் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோயிருப்பான். இதை உன்னிடம் நேரில் சொல்லத்தான் நின்றேன்.

மாமாவையும் அவர் கேங்கையும் எங்கே இறக்கினார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். இருநூற்றைம்பது மைல் காட்டில் கேங் மேஸ்திரி ஒருவரை, ஒரே ஒரு மண்டோரைத் தேடுகிறேன். தேடுவேன்.

காலையில் நீ ஈர விறகை ஊதிவிட்டு இருமுவாயே, அந்த இருமல் கேட்காமல் எனக்கு விழிப்பே வரமாட்டேன் என்கிறது.

உன்
கருணாகரன்

*

காஜா பெராங், மலாக்கா
ஆவணி 5, சனிக்கிழமை

திருவாளர் கருணாகரன் அவர்களுக்கு,

ஆமாம், பெயரை எழுதிவிட்டேன். கட்டினவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் கட்டினவனோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு. உங்கள் 2603 எல்லாம் எனக்கு வேண்டாம். எனக்கு இது ஆவணி மாதம், அப்பாவைக் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகிறது.

"நான் எழுதாவிட்டாலும் பிடுங்கியிருப்பான்." நல்லா இருக்கு நியாயம்! பிடுங்கியிருப்பான், சரி. கம்பியைப் பிடுங்கியிருப்பான். மனுஷனை ஏன் பிடுங்கினான்? அதை மட்டும் உங்கள் கடிதத்தில் காணோமே?

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்தில், யாரும் கேட்காமலே, "லைன் முதல் தரம். பராமரிப்பு: மண்டோர் பொன்னுதுரை" என்று எழுதினீர்கள். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னீர்கள். மாமா பெயரை முதல் தடவையாகக் காகிதத்தில் ஏற்றிவிட்டேன், படிக்கத் தெரியாத மனுஷனுக்கு இதுதான் மரியாதை என்றீர்கள். நானும் பைத்தியக்காரி மாதிரிச் சந்தோஷப்பட்டு அன்றைக்குச் சேமித்து வைத்திருந்த அரிசியைப் போட்டுச் சோறாக்கினேன். பன்னிரண்டாம் நாள் அப்பாவின் டுரியான் துங்கால் லைன் வீட்டு வாசலில் ஜப்பான்காரன் நின்றான். எந்தப் பெயரைக் கேட்டான்? "பொன்னுதுரை" என்று கேட்டான். லைனை இவ்வளவு மட்டம் பிசகாமல் வைத்திருக்கிறவன் புது லைனுக்கு வேண்டுமாம். அவரோடு கேங்கில் இருந்த பதினாலு பேரையும் கம்பி ஏற்றின வேகனிலேயே ஏற்றினார்கள். ஐம்பத்தாறு வயது அவருக்கு. சுருட்டு வைத்திருக்கும் செருட்டுத் தகரத்தை எடுக்கக்கூட விடவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு பொய் எழுதினால் என்ன? கோணல், தேய்மானம், உதவாது என்று ஒரு வரி. ஊரே வயிற்றுக்குப் பொய் சொல்கிற காலம் இது. உங்களுக்கு மட்டும் அந்தப் பெட்டி கோவில்.

அன்னம் அக்கா தினமும் வந்து "சபார், வேணி" என்று முதுகைத் தடவுகிறார். பொறுத்திரு என்று சொல்வதற்கு தமிழ் மறந்த இந்த மலாக்காச் செட்டிமார் மலாய் எவ்வளவு மெதுவாக இருக்கிறது! எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்பா இல்லாமல் இந்த வாசலை மிதிக்காதீர்கள்.

கமலவேணி

பி.கு: மை தீர்ந்தால் மங்குஸ்தீன் தோலைக் கொதிக்க வைத்தால் கறை நன்றாகப் பிடிக்கும். அன்னம் அக்கா சொன்னார். சும்மா எழுதினேன்.

*

152ஆம் கிலோமீட்டர் அருகில், சயாம்
26 செப்டம்பர் 2603

வேணி,

கண்டுபிடித்துவிட்டேன். மாமா உயிரோடு இருக்கிறார். இதை முதலில் படித்துவிடு, மற்றதை அப்புறம் படி.

நான் கண்டுபிடித்தேன் என்று சொல்வது தப்பு. பெட்டிதான் கண்டுபிடித்தது. வியாழக்கிழமை புதுத் துண்டில் முதல் ஓட்டம் விட்டார்கள். வழக்கம்போலக் கீழ்முள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்தது. மழை மண், ஜல்லியே கிடையாது, விழத்தானே செய்யும்? 152ஆம் கல் தாண்டிப் பொத்தானை அமுக்கினேன். சட்டென்று முள் விழுவதை நிறுத்திவிட்டது. ஜாயிண்டுக்கு ஜாயிண்டு மேலே ஒரு சின்ன முட்டு. மேலே, வேணி!

உனக்கு நான் விளக்க வேண்டுமா? இரண்டு கம்பி சேருகிற இடத்தில் பக்கத்துக் கட்டைகளைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து இடிக்கிற ஆள் மலாயாவில் உன் அப்பா ஒருவர்தான். "சக்கரம் ஏறி மிதிக்க மிதிக்க அதுவா மட்டத்துக்கு வந்துரும், நாம ஏன் முன்னாடியே பள்ளத்தைக் கொடுக்கணும்?" என்பார். ஏழு வருடத்துக்கு முன்னால் லைன் வீட்டில் முதல் தடவை காகிதத்தை விரித்து இதைத்தான் காட்டினேன். நீ சாணி மெழுகின கையோடு எட்டிப் பார்த்து, ஒரே ஒரு பள்ளத்தைக் காட்டி, "இந்த இடத்துல எங்கப்பா தூங்கிட்டாரா?" என்று கேட்டாய். அன்றைக்கே நான் தொலைந்தேன்.

வண்டி நின்றதும் பின்னால் ஓடினேன். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். தாடி, எலும்பு, கோவணத் துணி. என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ளே. பெட்டிய தூக்கிட்டு இங்கயும் வந்துட்டீங்களா?" என்றார். காலில் விழுந்தேன். உங்கள் பெயரை நான் எழுதாமல் இருந்திருக்கலாம் மாமா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! "என் லைன முதல் தரம்னு எழுதாம வேற என்னத்த எழுதுவீங்க? கோணல்னு எழுதியிருந்தா உங்க கைய ஒடிச்சிருப்பேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேணி என்ன சொல்றா?" என்று கேட்டார். கோபமாக இருக்கிறாள் என்றேன். சிரித்தார். "அவ அம்மா மாதிரி. மூணு மாசம் தாங்கும்" என்றார்.

மூன்று மாதம் ஆகிவிட்டது, வேணி.

அவரை என் வண்டிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், அடிதான் விழுந்தது. ஆனால் வாரம் இரண்டு தடவை அந்தக் கல்லைத் தாண்டுகிறேன். என் சோற்றில் பாதியைத் துணியில் கட்டி வீசிவிட்டுப் போகிறேன். பதினாலு பேரில் ஒன்பது பேர் மிச்சம். வாந்திபேதி.

என் பெயரை எழுதிவிட்டாய். உன் கையெழுத்தில் என் பெயர் இப்படி இருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. அந்த வரியை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன். கோபத்தில் எழுதினதுதான், இருக்கட்டும்.

கருணாகரன்

*

காஜா பெராங்
ஐப்பசி 3, புதன்

என்னங்க,

உயிரோடு இருக்கிறார் என்ற வரியைப் படித்ததும் அதற்குமேல் படிக்க முடியவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அன்னம் அக்கா ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகவில்லை அக்கா, "இடுப், இடுப்" என்று கத்தினேன். உயிரோடு, உயிரோடு என்று. அவரும் சேர்ந்து அழுதார். பிறகு தெரு முனை முத்துமாரியம்மனுக்கு இரண்டு பேரும் போய்ச் சூடம் இல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தோம். சூடம் எங்கே கிடைக்கிறது?

பாதிச் சோற்றை வீசுகிறீர்களா? மீதிப் பாதியில் நீங்கள் எப்படிப் பிழைப்பீர்கள்? எலும்பும் தோலுமாக இரண்டு பேர் வந்து நின்றால் எனக்கு யார் அப்பா, யார் புருஷன் என்று தெரியாமல் போகும். அடங்கிக் கிடக்கிற வாயா இது, கேலி வந்துவிட்டது பாருங்கள்.

சுப்பையன் அண்ணனிடம் செருட்டுத் தகரம், இறால் பிளாச்சான் போட்ட சம்பல் ஒரு குப்பி, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை பன்னிரண்டு கொடுத்திருக்கிறேன். மாத்திரை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். தாலிக்கொடி இல்லாமலும் தாலி மஞ்சள் கயிற்றில் கழுத்தில்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்று வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தக் கோடுதான் அவர் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் 152ஆம் கல்லின் காகிதத்தில் ஒரு முழம் வெட்டித் தனியாக அனுப்புங்கள். முட்டு மேலே நிற்கிறதா என்று நானே பார்த்துக்கொள்வேன். நீங்கள் எழுதுகிற "நலம்" எனக்குப் போதாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாசலை மிதிக்காதீர்கள் என்று எழுதினதை மாற்றவில்லை. அப்பாவோடு வாருங்கள். ஆனால் வாருங்கள். படுக்கையில் உங்கள் பக்கம் பாயைச் சுருட்டாமல்தான் வைத்திருக்கிறேன்.

வேணி

*

காஞ்சனபுரி
5 நவம்பர் 2603

வேணி,

உன் முழம் இதோ. அக்டோபர் 28ஆம் தேதி ஓட்டம், ஓரத்தில் என் கையால் தேதி போட்டிருக்கிறேன். எண்ணிப் பார், பதினேழு ஜாயிண்டு, பதினேழும் மேலே. லைன் முழுதும் சேர்ந்தாகிவிட்டது, இனிப் பராமரிப்பு வேலைதான் என்கிறார்கள்.

செருட்டுத் தகரம் போய்ச் சேர்ந்தது. மாமா அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். "எம் மக வீட்டு வாசலில் உக்காந்து பத்த வைக்கிறேன்" என்றார். காலில் ஒரு புண். மூங்கில் குத்தினது. மாத்திரை நாலு கொடுத்தேன்.

நாளை என்னையும் பெட்டியையும் பர்மா பக்கம் அனுப்புகிறார்கள். பத்து நாளில் திரும்பிவிடுவேன்.

என்னங்க என்று எழுதியிருந்தாய். அதை முன்னூறு தடவை படித்துவிட்டேன்.

கருணாகரன்

*

காஞ்சனபுரி
22 டிசம்பர் 2603

வேணி,

மாமா நலம். புண் ஆறிவிட்டது. கேட்ட காகிதம் இதோடு இருக்கிறது, டிசம்பர் 20ஆம் தேதி ஓட்டம். முட்டு எல்லாம் மேலேதான்.

வேலை அதிகம். சுப்பையன் அவசரப்படுத்துகிறான். உடம்பைப் பார்த்துக்கொள்.

கருணாகரன்

*

காஜா பெராங்
தை 2, சனிக்கிழமை

என்னங்க,

போகிக்கு முதல்நாள் சுப்பையன் அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளில் ஏறினார். எப்போதும் ஒரு வாய் காப்பித் தண்ணி கேட்கிறவர்.

போகி அன்றைக்கு அன்னம் அக்கா வீட்டில் பார்ச்சு. தெரியுமே, பொங்கலுக்கு முன்னால் செட்டிமார் இறந்துபோன பெரியவர்களுக்கு இலை போட்டுச் சமைத்து வைத்துக் கூப்பிடுகிற நாள். இந்த வருடம் சோற்றுக்குப் பதில் மரவள்ளிதான். ஆனாலும் இலை எண்ணிக்கை குறையக் கூடாதாம். இலை நறுக்கிக்கொண்டே உன் வீட்டு ஆட்களுக்கும் போடட்டுமா, எத்தனை என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்று போதும் அக்கா, "சாத்து", அப்பா உயிரோடு இருக்கிறார் என்றேன். விரலை ஒன்று என்று காட்டினேன்.

பிறகு உள்ளே போய் உங்கள் காகிதத்தை ஒட்டினேன். நீங்கள் அனுப்புகிற அப்பா கோட்டை நான் பலகைச் சுவரில் மரவள்ளிப் பசை தடவி வரிசையாக ஒட்டி வைக்கிறேன். அக்டோபர் முழத்துக்குப் பக்கத்தில் டிசம்பர் முழத்தை வைத்தேன். விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. கோடு நிற்காமல் இதிலிருந்து அதற்கு ஓடியது. வெட்டு கொஞ்சம் சாய்வு, அந்தச் சாய்வும் பொருந்தியது. நடுவில் ஒரு மைப்பொட்டு. பாதி அக்டோபரில் இருக்கிறது, பாதி டிசம்பரில் இருக்கிறது.

ஒரே நாள் ஓட்டத்தை வெட்டி இரண்டு தேதி போட்டிருக்கிறீர்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. திருட்டுத்தனம் செய்கிறவனுக்கு மைப்பொட்டைக்கூடப் பார்க்கத் தெரியவில்லையே என்று. அப்புறம்தான் உட்கார்ந்தேன். இருபத்தோரு மைல் லைனுக்காக, என் அப்பாவுக்காக, எனக்காகக்கூட ஒரு பொய் எழுத மாட்டேன் என்று நின்ற மனுஷன் இவர். இவர் ஒரு பொய்க் காகிதம் செய்கிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

எழுந்து போய் அன்னம் அக்காவிடம் இன்னொரு விரலைக் காட்டினேன். அவர் இரண்டாவது இலையை நறுக்கினார்.

இலையில் மரவள்ளியும் ஒரு கருவாட்டுத் துண்டும் வைத்தேன். செருட்டு வைக்க வேண்டும் என்று தேடினேன், தகரம் உங்களிடம் அனுப்பிவிட்டேனே! அப்போதுதான் சத்தம் போட்டு அழுதேன்.

எந்தத் தேதி என்று எழுதுங்கள். யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதுங்கள். இனிமேல் எனக்குப் பொய் வேண்டாம். கேட்டது என் தப்பு.

வேணி

*

காஞ்சனபுரி
9 பிப்ரவரி 2604

வேணி,

நவம்பர் 11. பக்கத்தில் நான் இல்லை.

பர்மா பக்கத்திலிருந்து நவம்பர் 16ஆம் தேதி பெட்டியோடு திரும்பினேன். 152ஆம் கல் வருகிறது என்று துணியில் சோற்றைக் கட்டிக் கையில் வைத்திருந்தேன். பொத்தானை அமுக்கினேன். முள் கீழே விழுந்தது. அடுத்த ஜாயிண்டிலும் விழுந்தது. நான் பெட்டியைத் தட்டினேன், முள் சிக்கியிருக்கும் என்று. மூன்றாவதிலும் விழுந்தது. எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை, வேணி. பெட்டிதான் முதலில் சொன்னது. சோற்றுத் துணியை எங்கே வீசுவது என்று தெரியாமல் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன்.

புண் முழங்கால் வரை ஏறிவிட்டதாம். நடக்க முடியாதபோதும் இரண்டு பேர் தோளில் சாய்ந்து வந்து கட்டை மட்டத்தைப் பார்த்தாராம். மூன்று நாள் ஜன்னி. கேங்கில் மிச்சமிருந்தவர்கள் லைன் ஓரத்திலேயே புதைத்து ஒரு சிலிப்பர் கட்டையை நட்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். கட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன். தகரத்தை அவரோடு வைத்துவிட்டார்கள்.

உனக்கு நலம் என்று எழுதும்போது கை நிற்காமல் ஓடியது. அதுதான் எனக்கு ஆச்சரியம். அக்டோபர் ரோலில் மிச்சம் இருந்ததை வெட்டி டிசம்பர் என்று எழுதினேன். ஆவணி மாதமே நீ கேட்ட பொய், எனக்கு மார்கழியில்தான் வந்தது. உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். முழுக்க உனக்காக இல்லை. மாமா இருக்கிறவரைக்கும் எனக்கு ஒரு வாசல் இருந்தது. அதை விட மனசு வரவில்லை.

வெட்டும்போது மைப்பொட்டைப் பார்த்தேனா, பார்க்கவில்லையா? யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. பத்து வருடமாகக் கோடு பார்க்கிற கண் அதைப் பார்க்காமல் இருந்திருக்குமா?

நீ சொன்னது சொன்னதுதான். மாமா இல்லாமல் வரமாட்டேன். சுப்பையனைப் படகு வேலைக்கு மாற்றுகிறார்கள், இனி அவன் தெற்கே வருவது சந்தேகம். உன் பதில் வராவிட்டால் நீ எழுதவில்லை என்று நினைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் எழுதட்டுமா? ஈர விறகை ஊதாதே. முந்தின நாளே அடுப்பு மேல் அடுக்கி வை.

கருணாகரன்

*

தம்பின்
28 செப்டம்பர் 1945

வேணி,

தேதியைப் பார். பழைய கணக்கு திரும்பிவிட்டது.

நான் தம்பினில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வந்தேன். நாலு நாளாக ஸ்டேஷனில்தான் படுத்திருக்கிறேன். மலாக்கா லைன் பிரிகிற இடத்தில் வண்டியைத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்டு மட்டும் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மண்மேடு மட்டும் லாலாங் புல் முளைத்து நேராக உன் பக்கம் போகிறது. தினமும் காலையில் அதில் ஒரு மைல் நடக்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.

பெட்டி போய்விட்டது. குண்டு விழுந்த அன்றைக்கு வண்டியோடு ஆற்றில் போனது. மாமாவின் அக்டோபர் ரோலில் மிச்சம் மட்டும் இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றே முக்கால் வருடமாக உன் கடிதம் ஒன்றும் வரவில்லை. நீ எழுதினாயா என்று கேட்கவில்லை. நீ இருக்கிறாயா என்றுதான் கேட்கிறேன்.

நான் உள்ளே வரமாட்டேன். இந்த ரோலை வாங்கிக்கொள்வது உன் உரிமை. ரோலை யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றால் அனுப்புகிறேன். வந்து கொடு என்றால் தெருவில் நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். இரண்டில் ஒன்று சொல். இதைக் கொண்டுவருகிறவர் விறகு லாரிக்காரர், பெயர் கணேசமூர்த்தி. சாயங்காலம் தம்பினுக்குத் திரும்புகிறார், பதிலுக்கு நிற்பார்.

கருணாகரன்

*

காஜா பெராங்
புரட்டாசி 13, சனிக்கிழமை

கருணாகரன்,

இந்தத் தடவை பெயரைக் கோபத்தில் எழுதவில்லை. எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது, அதான்.

ஏழு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொண்டுபோக ஆள் இல்லை. ஏழிலும் ஒரே சேதிதான், வந்துவிடுங்கள் என்று. இருபத்தோரு மைல் தூரத்தில் நாலு நாள் படுத்துக் கிடந்தீர்களா? உங்களைப் போல ஒரு மக்கு மனுஷனை எங்கள் அப்பா எங்கிருந்துதான் பிடித்தார்!

லாரிக்காரர் வாசலில் அவசரப்படுகிறார். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா இல்லாமல் இந்த வாசலை மிதிக்காதீர்கள் என்று சொன்னேன். நீங்கள் அளவில் மயிரிழை மாற்ற மாட்டீர்கள், தெரியும். மிதிக்க வேண்டாம். நான் மிதித்துக்கொண்டு வெளியே வருகிறேன்.

நாளைக் காலை வெளுக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து மண்மேட்டில் நடக்க ஆரம்பிப்பேன். நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்புங்கள். டுரியான் துங்காலில் லைன் வீடு இருந்த இடம் உங்களுக்குப் பதினோரு மைல், எனக்குப் பத்து. ஒரு மைல் உங்களுக்குக் கூடுதல், அது நாலு நாளுக்கு வட்டி. காகிதத்தை ஈரம் படாமல் கொண்டுவாருங்கள். அங்கேதான் அதை விரித்துப் பார்க்க வேண்டும்.

அன்னம் அக்காவும் வருகிறேன் என்றார். வேண்டாம் அக்கா, இதற்கு நான் மட்டும் போகிறேன் என்றேன். சோறு கட்டித் தருகிறாராம், இரண்டு பேருக்கு.

வேணி